பன்னிரண்டு கியர் கட்டிப் போரடித்தவன்

சைக்கிள் வாங்கிய அன்று ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அப்பாவுக்குத் தஞ்சாவூர் பக்கம் நாலு ஏக்கர் வயல். மகன் பெங்களூரில் இருப்பதில் அவருக்குள்ள ஒரே லாபம், காவிரியின் கேஆர்எஸ் அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். நான் விவேக் நகரில் இருக்கிறேன், அணை மைசூர் பக்கம் இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். "அங்கதானேப்பா இருக்கே, எட்டிப் பாத்துச் சொல்லு" என்பார். அது 124.80 அடி நிரம்பினால் இங்கே எனக்கு நிம்மதி. நிரம்பாவிட்டால் ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா என்ற கவலையும் எனக்குத்தான்.

அன்று அணையை விட்டுவிட்டு சைக்கிளைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி முன்னே பின்னே திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

"கேரியர் எங்க தம்பி?"

"இதுக்கு கேரியர் கிடையாதுப்பா."

"ஸ்டாண்டு?"

"அதுவும் கிடையாது."

"மட்கார்டு, செயின் கார்டு, பெல்லு?"

"இது மலையில ஓட்டுற சைக்கிள்ப்பா. வெயிட் குறையணும்ல."

"சரி, என்ன விலை?"

மனைவி பக்கத்து அறையில் இருந்ததால் பாதி விலையைத்தான் சொன்னேன். அதற்கே கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இத்தனையையும் கழட்டினதுக்கா இவ்வளவு கூலி வாங்கினான்?" என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் என் மச்சினன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஓர் ஏரி, அதைச் சுற்றி ஒரு குன்று என்று சைக்கிளோடு கிளம்பிவிடுவான். திங்கட்கிழமை முழங்கையில் பிளாஸ்திரியோடு ஆபீஸ் போவான், அதிலும் ஒரு பெருமை. "மாமா, நீங்க உக்காந்தே இருக்கீங்க, தொப்பையைப் பாருங்க" என்று ஆறு மாதம் சொன்னான். அவன் சொன்னால் போகட்டும், அவன் அக்காவும் கூடச் சேர்ந்து சொன்ன பிறகு எனக்கு வேறு வழியில்லை.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு. மஞ்சனபெலே. மைசூர் ரோட்டில் கெங்கேரி தாண்டிப் பிரிந்து, மூன்று ஏக்கருக்குப் பரந்து நிற்கும் அந்தப் பெரிய ஆலமரத்தைக் கடந்து போனால் வரும். பெயருக்கு ஏரி என்கிறோமே தவிர, அர்க்காவதி ஆற்றைத் தடுத்துக் கட்டிய அணையின் நீர்த்தேக்கம் அது. பின்னணியில் சாவனதுர்கா. 1,226 மீட்டர் உயரம், ஒரே கல். சின்ன வயதில் மலை வரையச் சொன்னால் அரை வட்டம் போட்டுப் பழுப்புக் கலர் அடிப்போமே, அச்சு அசல் அப்படியே இருக்கும். மலைக்காடு வனத்துறையின் கையில் இருப்பதால் நாங்கள் அதற்குள் போகவில்லை. நீரோரத்துக் கிராமங்களுக்கு இடையில் மாட்டு வண்டியும் ஆடும் போகிற தடங்கள்தான் எங்களுக்கு.

காலை நாலே முக்காலுக்கு, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற அந்தத் திண்டு வைத்த டிராயரைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மனைவி தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, நம்ம புள்ளைக்கே டயப்பர் விட்டு மூணு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

ஆறரைக்குப் போய் இறங்கினோம். நீர் மேல் பனி ஆவி மாதிரி நின்றுகொண்டிருந்தது. குளிரில் பல் தந்தியடித்தது. சைக்கிளை இறக்கி நிறுத்தப் போனேன், ஸ்டாண்டு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இந்த விலை கொடுத்து வாங்கிய வண்டியைச் சீக்கு ஆடு மாதிரி மண்ணில் படுக்கப் போட வேண்டியிருக்கிறது. அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

மச்சினன் வந்து என் டயரை அமுக்கிப் பார்த்தான். ஊரில் சைக்கிள் கடையில் கற்றுக்கொண்ட பாடப்படி, கட்டைவிரல் உள்ளே போகாத அளவுக்கு முந்தின ராத்திரியே மூச்சு வாங்க அடித்து வைத்திருந்தேன். அவன் வால்வைத் திறந்து, அத்தனை உழைப்பையும் புஸ்ஸென்று வெளியே விட்டான். காற்றழுத்தம் 28 பிஎஸ்ஐ இருந்தால் போதுமாம். "கல்லு மாதிரி இருந்தா கல்லு மேல குதிக்கும் மாமா. கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாத்தான் பாறையைப் பிடிச்சுக்கிட்டு ஏறும்." இது உண்மைதான் என்று அப்புறம் தெரிந்தது. அப்போது மனசுக்குள் திட்டினேன்.

கொஞ்ச தூரம் செம்மண் வண்டித்தடம், சுகமாகத்தான் போனது. பிறகு அவன் முன்னால் இருந்து கத்தினான். "சிங்கிள் டிராக் வருது மாமா, ரெடியா இருங்க!"

ரயில் ஏதாவது வருகிறதோ என்று பயந்துபோனேன். பார்த்தால், ஒற்றையடிப் பாதை. நம் ஊர் ஒற்றையடிப் பாதை! இரண்டு பக்கமும் உண்ணிச்செடி, நடுவில் ஆட்டுப் புழுக்கை. இதே மாதிரி வரப்பில், அப்பாவின் கம்பி வைத்த சைக்கிளில், குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு, கேரியரில் அரை மூட்டை நெல்லோடு மில்லுக்குப் போனவன் நான். அதற்கு அன்றைக்கு யாரும் தலைக்கவசம் கொடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கிடைத்ததெல்லாம் "தவுட்டை ஏன்டா கொட்டிட்டு வந்தே" என்ற திட்டு மட்டும்தான்.

மேடு வந்தது. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் பன்னிரண்டு. அதில் ஆகப் பெரியது தோசைக்கல் சைஸ். ஏற்றத்துக்கு அதில் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். கால் கிறுகிறுவென்று சுற்றுகிறது, வண்டி மட்டும் கோயில் தேர் மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்கிறது. ஒரு கட்டத்தில் அதுவும் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு மொபெட் சத்தம். இரண்டு பக்கமும் பால் கேன், முன்னால் ஒரு புல்லுக்கட்டு, லுங்கியில் ஒரு பெரியவர். அதே மேட்டில், அதே கல்லில், பீடி அணையாமல் ஏறிப் போனார். போகும்போது திரும்பி, "ஸ்டாண்டு இல்வா?" என்று கேட்டார்.

அப்பாதான் ஆள் அனுப்பிவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

ஏறியதெல்லாம் இறங்க வேண்டும் அல்லவா. தண்ணீரை நோக்கிச் சரிந்து போகும் ஒரு பாறை. ஐந்தாறு பேர் சர்ரென்று இறங்கிப் போய், கீழே நின்று செல்போனில் என்னைப் படம் எடுக்கத் தயாராகிவிட்டார்கள். மச்சினன் மட்டும் பக்கத்தில் நின்று பாடம் எடுத்தான். சீட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்கணும். முன் பிரேக்கை ஒரே ஒரு விரலால் தொடணும். முக்கியமா, "கல்லைப் பாக்காதீங்க மாமா. எங்க பாக்கறீங்களோ வண்டி அங்கதான் போகும்."

பாறை முழுக்கக் கல்லாக இருக்கும்போது கல்லைப் பார்க்காதே என்றால் எப்படி? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதைதான். வழியில் தேங்காய் அளவில் ஒரு கல், ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் லாரி போகிற அளவுக்கு இடம். நான் அந்தக் கல்லைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

பிரேக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சைக்கிளில் பிரேக் என்பது வேண்டுதல் மாதிரி. டீக்கடையில் நிற்க வேண்டுமென்றால் பிள்ளையார் கோயிலிலேயே அமுக்க ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நாலு விரலாலும் இறுக்கினேன். இதுவோ எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக். வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான்தான் நிற்கவில்லை.

ஹேண்டில்பாருக்கு மேலே பறந்தபோது சாவனதுர்கா தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவும் அழகாகத்தான் இருந்தது. இந்தப் பக்கத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம் என்கிறார்கள். அவ்வளவு காலம் அசையாமல் கிடந்தது என் முழங்காலுக்காக ஒதுங்குமா என்ன? தலைக்கவசம் ஒரு முறை 'டக்' என்றது. அது இல்லாவிட்டால் இந்தப் பதிவு இருந்திருக்காது. முழங்கால் கவசமும் வாங்கித்தான் இருந்தேன். அது பத்திரமாகக் காரில் இருந்தது.

மல்லாந்து கிடந்தேன். வானத்தில் ஒரு பெரிய பறவை வட்டமடித்துக்கொண்டிருந்தது. மச்சினன் ஓடி வந்தான். அடிபட்டதா என்று கேட்பான் என்று பார்த்தால், அண்ணாந்து பார்த்து, "மாமா, கழுகா இருக்குமோ? ராமதேவர பெட்டா பக்கம்தானே, 2012-லேயே பாறுக் கழுகு சரணாலயமா அறிவிச்ச இடம். ரொம்ப அரிய பறவை மாமா" என்றான். அழிந்துவரும் இனத்துக்கு நம்மால் ஆன உதவி என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் அது பருந்து. அவனுக்கு ஒரே ஏமாற்றம்.

முழங்காலில் மருந்து போடும்போது, வலி தெரியாமல் இருக்க இந்த விளையாட்டின் வரலாறு சொன்னான். கலிபோர்னியாவில் 1970-களில் சில இளைஞர்கள் தடி டயர் போட்ட பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய் உருட்டி விளையாடியிருக்கிறார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினால் சூட்டில் சக்கரத்துக்குள் இருக்கும் கிரீஸெல்லாம் புகைந்து போய்விடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தில் 1976-இல் தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயராம்.

"அவங்க உருட்டி விளையாடினது எந்த மலை?"

"டமால்பையஸ்."

பெயரிலேயே டமால் இருக்கிறது. ஒரு தமிழனிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. பழைய கனத்த சைக்கிளிலா ஆரம்பித்தார்கள்? அப்பாவின் சைக்கிள் ஊரில் மாட்டுக் கொட்டகையில் சும்மாதானே நிற்கிறது!

அப்போதுதான் கவனித்தேன், பாட்டிலைக் காணோம். கீழே இருந்தவர்கள் தண்ணீரைக் காட்டினார்கள். கூண்டிலிருந்து கழன்று, பாறையில் உருண்டு, 'டொளக்' என்று விழுந்து, கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எட்டு அடி தூரம்தான். அங்கே நீந்தப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு என்பதால் யாரும் கால் நனைக்கவில்லை. நானூறு ரூபாய் பாட்டில், கையசைத்து அனுப்பிவைத்தேன்.

அதற்கு மேல் எனக்குப் பாறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊர் வழியாகப் போகும் தார் ரோட்டில் நொண்டிக்கொண்டே தனியாக மிதித்தேன். ஒரு திருப்பத்தில் ரோட்டை அடைத்துக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தார்கள். அறுவடை முடிந்த காலத்தில் இந்தப் பக்கம் இது வழக்கம். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடைந்து கொள்ளு உதிரும், களத்துக் கூலி மிச்சம். இரு சக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுவதும் உண்டு, அதனால் நான் இறங்கித் தள்ளப் போனேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த அஜ்ஜி, அதாவது பாட்டி, கையைத் தட்டிக் கூப்பிட்டார். என் டயரின் பட்டன் பட்டனான கட்டைகளை ஒரு தடவை தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"லாரி பரலில்லா. நீனாதரூ ஹோகப்பா."

காலையிலிருந்து லாரி ஒன்றும் வரவில்லையாம், நீயாவது போப்பா என்கிறார்.

போனேன். அந்தக் கோடியில் திரும்பினேன். அஜ்ஜி கையால் சைகை செய்தார், இன்னொரு தடவை. திரும்ப வந்தேன். குச்சியால் செடியைப் புரட்டிப் போட்டார். இன்னொரு தடவை. சறுக்கவே இல்லை! 28 பிஎஸ்ஐ டயர் கொள்ளுச்செடியை அப்படிப் பிடித்தது. காலையில் மேட்டில் திணறிய அதே தோசைக்கல் கியர் இங்கே கச்சிதமாக வேலை செய்தது. நடுவில் ஒரு தடவை, இந்தப் பக்கமாக வராதே, ஓரமாகப் போ, அங்கே இன்னும் உடையவில்லை என்று அதட்டவும் செய்தார். மாடு கட்டிப் போரடித்ததைப் பார்த்திருக்கிறேன், ஆனை கட்டிப் போரடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். பன்னிரண்டு கியர் கட்டிப் போரடித்தவன் அந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

இருபது நிமிஷம் கழித்து மச்சினன் கோஷ்டி வந்தபோது நான் பதினாலாவது நடை. சிரித்தார்கள். அஜ்ஜி அவர்களையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு நாலு நடை ஓடவிட்டார். சிரிப்பு நின்றது. கிளம்பும்போது எனக்கு மட்டும் முந்தானையில் அள்ளி இரண்டு கை கொள்ளு கொடுத்தார். அதுவரை மச்சினனின் செல்போன் ஆப் என் பெயரில் காட்டியிருந்த ஒரே சாதனை, 60 மீட்டர் தூரத்தைப் பதினைந்து தடவை கடந்ததுதான்.

பிடதியில் தட்டு இட்லி. பெயருக்கு ஏற்ற அகலம், மேலே வெண்ணெய். நான் மூன்று சாப்பிட்டேன் என்பதை மச்சினன் போகிற வழியிலேயே அவன் அக்காவுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டான். கூடவே, சாப்பாட்டு மேஜையில் பேச்சுவாக்கில் நான் உளறிய சைக்கிளின் முழு விலையையும். அன்று வீட்டுக்குப் போன பிறகு நடந்ததற்கும் மலைக்கும் ஏரிக்கும் சம்பந்தமில்லை, அதை விட்டுவிடலாம்.

சாயந்தரம் அப்பாவே கூப்பிட்டார். விழுந்த கதையைச் சொன்னேன். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். கொள்ளுக் கதையைச் சொன்னேன், கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. கடைசியாகப் பாட்டில் போன கதை.

"எந்த ஆறு அது?"

"அர்க்காவதிப்பா. நம்ம காவிரியிலதான் வந்து சேருது. ராமநகரம், கனகபுரம் தாண்டி, சங்கமத்துல காவிரியோட கலந்து, மேகேதாட்டு, ஒகேனக்கல் வழியா மேட்டூருக்கு வந்துடும்."

எதிர்முனையில் டிவி சத்தம் மட்டும் கேட்டது. யோசிக்கிறார்.

"பாட்டில்ல தண்ணி இருந்துச்சா தம்பி?"

"முக்கா பாட்டில் இருந்துச்சுப்பா."

"போச்சு. அதையும் கணக்குல எழுதிக்குவாங்க, திறந்து விட்டுட்டோம்னு."