இடது தோளில் பூக்க வேண்டிய கொடி

ஆறு நாள் குனிந்து போட்ட மணி வேலையை ஒரே ராத்திரியில் பிரித்தேன். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

கவுனின் முன்பக்கத்துக்கு வரைந்த டிசைன் அது. இடுப்பின் வலப்புறம் கிளம்பி இடது தோளில் போய்ப் பூக்கும் கொடி. வலது தோளில் துணி மடிப்பு மடிப்பாக விழும் என்பதால் கொடி அந்தப் பக்கம் போகவே கூடாது. வரைவது, நிறம் தேர்வது எல்லாம் சுலபமாகவே முடிந்தது.

நான் நல்ல பக்கத்தைப் பார்த்தபடி ஆரி போட்டுப் பழகியவள். மணி நிறைய என்பதால் இந்த முறை லூனெவில் முறைக்கு மாறினேன். மணிகளை முன்னாலேயே நூலில் கோத்துக்கொண்டு, துணியின் உள்பக்கம் மேலே தெரிய ஃபிரேமில் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட வேண்டும். மணிகள் அடியில், நல்ல பக்கத்தில் போய் உட்காரும். கை பழகிவிட்டால் நல்ல வேகம். ஆனால் டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டு வரையவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஃபிரேமைக் கவிழ்த்தபோது கொடி வலது தோளில் ஏறியிருந்தது.

சங்கிலித் தையலில் கடைசி முடிச்சை வெட்டி இழுத்தால் வரிசையே கழன்று வந்துவிடும். அதனால் மணிகள் தப்பின. ஜார்ஜெட் தப்பவில்லை. ஊசி போன இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துளை. வேறு துணி எடுத்தேன். அப்படிக் கழன்று வருவதால்தான் ஒவ்வொரு வரிசையின் முடிவையும் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் உடுத்தும்போது மணி உதிரும்.

இரண்டாம் முறை அடியில் ஆர்கன்சா என்ற மெல்லிய, விறைப்பான துணியை வைத்தேன். ஜார்ஜெட் மட்டும் அந்த எடையைத் தாங்காமல் தொங்கிப்போகும். துணியை வெட்டாமல், கவுனின் அளவுக்கு வெட்டிய தாளான பேட்டர்னின் கோட்டை ஓட்டுத் தையலில் மட்டும் குறித்துக்கொண்டேன். அது பெரிய உதவி. ஃபிரேமிலிருந்து எடுத்தபோது குறித்த கோடு ஒரு சென்டிமீட்டர் உள்ளே இழுத்திருந்தது. நெருக்கமான வேலை துணியைச் சுருக்கத்தான் செய்யும். பேட்டர்னை மறுபடி வைத்துப் பார்த்து அப்புறம்தான் வெட்டினேன். முதலிலேயே வெட்டியிருந்தால் அந்தத் துணியும் போயிருக்கும்.

தோள் இணைப்பில் இன்னொரு சோதனை. இரண்டு மொட்டுகள் தையல் கோட்டைத் தாண்டியிருந்தன. மணி மேல் மெஷின் ஊசி ஏறினால் உடைந்துவிடும். நூலை வெட்டினால் பக்கத்து மணிகளும் போகும். அதனால் ஓரத்து மணிகளை மட்டும் குறடால் நசுக்கி எடுத்தேன். கண்ணாடிச் சில்லு தெறிக்கும், மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சம்கி இருந்தால் சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்காதீர்கள், சுருண்டுவிடும். தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு, உள்பக்கமாக லேசான சூட்டில் தேய்த்தால் போதும்.

நேற்று பொம்மைக்கு மாட்டிப் பார்த்தேன். கடைசி மொட்டு இடது தோள் எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. வலது பக்கத்து மடிப்பு அதைத் தொடவில்லை.