பழைய ஸ்டீரியோ ரிசீவர்: மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தல்

எங்கள் வீட்டில் இருக்கும் ஸ்டீரியோ ரிசீவர் (வானொலியும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் அடங்கிய கருவி), 1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் தயாராகி, சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பாவின் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தது. அண்மையில் அதில் இரண்டு கோளாறுகள் தலைகாட்டின. வலப்பக்க ஸ்பீக்கரில் எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்டது. இடப்பக்க ஸ்பீக்கரோ, ஒலியைக் குறைத்து வைத்தால் அடங்கிப்போய், குமிழைத் திருகிக் கூட்டியதும் சட்டென்று உயிர்பெற்றது. பழைய கருவி என்றாலே உள்ளே மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் கெபாசிட்டர்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்றிவிட வேண்டும் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தப் பகுதியில் கோளாறு என்று அறியாமல் எழுபது எண்பது இடங்களில் ஈயத்தை உருக்கினால், பழைய கோளாறு போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புதிய கோளாறுகள் வரும் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த ரிசீவர்கள் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாட் கணக்கை நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி ஊதிப் பெருக்கி விளம்பரம் செய்த நிலையில், அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆம்ப்ளிஃபையரை மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே அளக்க வேண்டும். இரண்டு சேனல்களும் ஒருசேர இயங்கும்போது தொடர்ந்து கிடைக்கும் திறனை, சிதைவின் அளவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சோதனையில் தேற வேண்டுமானால் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் சூட்டை வெளியேற்றும் கனத்த ஹீட் சிங்க்கும் தேவைப்பட்டன. அதன்பின் நடந்த வாட் போட்டியில், 1978இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட் வரை போனது. எங்களுடையது அந்த வரிசையில் மிகவும் எளிய உறுப்பினர்தான்; ஆனாலும் அதைத் தூக்கி மேசையில் வைக்க இரண்டு கைகளும் கொஞ்சம் மூச்சும் வேண்டும்.

பல காலம் ஓடாமல் கிடந்த கருவியை நேரடியாக மின்சாரத்தில் இணைக்கக் கூடாது. எங்கள் பகுதியில் வானொலிப் பெட்டி காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அவர் முதலில் கேட்டதே, "சீரிஸ் போர்டு இருக்கா தம்பி? அது இல்லாம மூடியக்கூடக் கழட்டாதீங்க" என்பதுதான். கருவிக்குச் செல்லும் மின்கம்பி ஒன்றின் நடுவே குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைப்பதே சீரிஸ் போர்டு. நூறு வாட் பல்பின் இழை சூடாக இருக்கும்போது 230 வோல்ட்டில் அதன் மின்தடை ஏறக்குறைய 529 ஓம்; குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஆகவே, கருவி குறைவாக மின்சாரம் எடுக்கும்போது பல்பு குறுக்கே நிற்காது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, மிச்சமுள்ள பாகங்களைக் காப்பாற்றும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பவர் ஸ்விட்சைப் போட்டவுடன் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, மின்வழங்கிக் கெபாசிட்டர்கள் நிறைந்ததும் மங்கிவிட்டால் மேலே போகலாம். எங்கள் ரிசீவரில் அப்படித்தான் மங்கியது.

அதோடு பின்பக்கத்தில் இருக்கும் வோல்டேஜ் செலக்டரையும் பார்த்துவிட வேண்டும். ஏற்றுமதிக்கென்று செய்த பல மாடல்களில் 110, 120, 220, 240 என்று நான்கு நிலைகள் இருக்கும். எங்களுடையது 220இல் நின்றது. வீட்டு மின்சாரமோ இரவில் 240ஐத் தொடுகிறது. இந்த இடைவெளி ஒன்பது விழுக்காடு. 40 வோல்ட்டுக்கு வடிவமைத்த உள் மின்வழங்கி 43 வோல்ட்டுக்கு மேல் ஏறி, பாகங்கள் தேவையின்றிச் சூடாகும். செலக்டரை 240க்கு மாற்றினேன். இதில் செலவு ஏதும் இல்லை, பலனோ நிரந்தரமானது.

மூடியைத் திறக்கும் முன்பே கோளாறின் இருப்பிடத்தைப் பெருமளவு குறுக்கிவிடலாம். வலப்பக்க இரைச்சல், ஒலியளவுக் குமிழை முழுதாகக் குறைத்தபோதும் அதே அளவில் இருந்தது. குமிழுக்கு முன்னால் இருக்கும் வானொலி டியூனர், ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ பகுதி, உள்ளீட்டுச் செலக்டர் ஆகிய எதற்கும் இதில் பங்கில்லை என்று இது ஒன்றே காட்டிவிடுகிறது. அடுத்து, பின்பக்கத்தில் ப்ரீ அவுட் (முன் பகுதியின் வெளியீடு), மெயின் இன் (பவர் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு) என்ற துளைகளை இணைத்து நிற்கும் வளைந்த உலோகக் கொக்கிகளைக் கருவியை அணைத்துவிட்டுக் கழற்றி, சாதாரண ஆர்சிஏ கம்பிகளால் இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்கும் வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கும் மாற்றிக் கொடுத்தேன். இரைச்சல் இடம் மாறவில்லை. ஆக, குற்றவாளி வலப்பக்கப் பவர் ஆம்ப்ளிஃபையர் போர்டுக்குள் இருக்கிறது. மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமலேயே கருவியின் பெரும்பகுதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

இடப்பக்கம் அடங்கிப்போவதற்கு விடை இன்னும் எளிது. மெல்லிய ஒலியில் காணாமல் போய், கூட்டினால் திரும்பிவரும் சேனல் என்றால், ஸ்பீக்கர் ரிலேயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கருவியை இயக்கிய சில நொடிகளுக்குப் பிறகு ‘டிக்’ என்று கேட்கிறதே, அது இந்த ரிலே மூடும் ஒலி. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் (டிசி) தப்பி வந்தால், ஸ்பீக்கர் எரிந்துபோகாமல் இணைப்பைத் துண்டிப்பது இதன் வேலை. அதன் தொடுமுனைகளில் கருமை படிந்துவிட்டால், சிறு மின்னழுத்தத்தால் அந்தப் படலத்தைத் துளைக்க முடியாது. ஒலியைக் கூட்டினால் துளைத்துவிடும். ஒளி ஊடுருவும் உறையைக் கழற்றி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதப் பட்டை ஒன்றைத் தொடுமுனைகளுக்கு இடையே வைத்து, அவற்றை விரலால் மெல்ல மூடிக்கொண்டு இழுத்தேன். காகிதத்தில் கரிக்கோடு விழுந்தது. கோடு விழாமல் போகும்வரை இழுத்ததும் இடப்பக்கம் நிலையாகப் பாடத் தொடங்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. தொடுமுனையின் மேற்பூச்சு அதில் போய்விடும். அப்படித் தேய்ப்பதைவிட அதே காயில் வோல்டேஜ் கொண்ட புதிய ரிலேயைப் போடுவது மேல்.

வலப்பக்கப் போர்டுக்குப் போகும் முன், மின்வழங்கிக் கெபாசிட்டர்களை வெறுமையாக்க வேண்டும். 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 40 வோல்ட் நின்றால் அது எட்டு ஜூல் ஆற்றல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயே காத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து தீப்பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல. நூறு ஓம், பத்து வாட் ரெசிஸ்டரை இரு முனைகளிலும் சில நொடிகள் வைத்துப் பிடித்து, பிறகு மீட்டரால் அளந்து உறுதிசெய்துகொண்டால் போதும்.

பவர் ஆம்ப்ளிஃபையரின் நுழைவாயிலில் இரண்டு சிறிய டிரான்சிஸ்டர்கள் இணையாக நிற்கும். உள்ளே வரும் இசையையும் வெளியே போய்த் திரும்பிவரும் இசையையும் ஒப்பிடும் பொறுப்பு அவற்றுடையது. அந்தக் காலப் போர்டுகளில் இந்த இடத்தில் 2எஸ்ஏ726 என்ற எண் அடிக்கடி தென்படும். வயதானால் இரைச்சல் போடுவதற்குப் பேர்போன எண் அது. எங்கள் போர்டிலும் அதுதான். நல்ல ஸ்பீக்கருக்குப் பதில் மலிவான பழைய ஸ்பீக்கர் ஒன்றை இணைத்துவிட்டு, குளிரூட்டும் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் தலைக்கும் நேராகக் கொண்டுபோய்த் துளியளவு பீய்ச்சினேன். இணையில் ஒன்றின் மேல் வெண்பனி படிந்த அந்தக் கணமே கடுகு பொரிவது நின்று, பனி கரைந்ததும் மீண்டும் தொடங்கியது. இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைக்காது.

கெட்டது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். இணை ஒத்திருந்தால்தான் வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் சுழியத்தை ஒட்டி நிற்கும். இதற்குப் பதிலாகப் பலரும் பயன்படுத்துவது கேஎஸ்ஏ992. கால்களின் வரிசையும் ஒன்றேதான். சென்னையில் மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனபோது பத்துப் பதினைந்தாக வாங்கிவந்து, மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் துளையில் ஒவ்வொன்றாகச் செருகி, ஏறக்குறைய ஒரே பெருக்க எண் காட்டிய இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். விலை சில ரூபாய்கள்தான். பெரிய வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை வாங்குவோர் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் எண்ணை மட்டும் அச்சிட்ட போலிகள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன.

கெபாசிட்டர்களுக்கு வருவோம். இரைச்சல் போன பிறகு, மின்வழங்கியின் இரு பக்கங்களிலும் மீட்டரை மாறுமின்னோட்ட நிலையில் வைத்துப் பார்த்தேன். நேர்மின்னழுத்தத்தில் எஞ்சும் சிற்றலை மிகக் குறைவாகவே இருந்தது. ஸ்பீக்கரில் காது வைத்தாலும் ரீங்காரம் இல்லை. பெரிய கெபாசிட்டர் வற்றியிருந்தால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கேட்கும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். 50 ஹெர்ட்ஸில் முனகினால் பெரும்பாலும் ரெக்கார்ட் பிளேயரின் எர்த் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். நன்றாக வேலை செய்யும் கெபாசிட்டரை வயதை மட்டும் காரணம் காட்டி வெளியேற்ற எனக்கு மனம் வரவில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. பெரிய பாகங்கள் ஆடாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையில் பூசிய மஞ்சள் பசை, காலப்போக்கில் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறி, ஈரத்தை உறிஞ்சி, மின்சாரத்தைக் கடத்தவும் பக்கத்துப் பாகங்களின் கால்களை அரிக்கவும் தொடங்கிவிடும். அப்படிக் கருத்த பசையைச் சுரண்டியபோது அதன் அடியில் ஒரு டையோடின் கால் பச்சை பூத்து நூலாக இளைத்திருந்தது. அந்த டையோடையும், பசையில் புதைந்து கிடந்த இரண்டு கெபாசிட்டர்களையும் மாற்றினேன்.

கடைசியாக அளவீடு. ஸ்பீக்கரைக் கழற்றி, ஒலியைச் சுழியத்தில் வைத்து, கால் மணி நேரம் சூடாகவிட்ட பிறகு வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் பார்த்தால், வலப்பக்கத்தில் பத்து மில்லிவோல்ட்டுக்கும் கீழே வந்திருந்தது. 50 மில்லிவோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். பிறகு பயஸ், அதாவது இசை இல்லாதபோதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டம். வெளியீட்டு டிரான்சிஸ்டரின் எமிட்டரில் இருக்கும் 0.47 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே பத்து மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 21 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று பொருள். சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணுக்கு, ட்ரிம் பாட் என்ற திருகி மாற்றும் சிறு ரெசிஸ்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பல சுற்றுகளில் இந்த ட்ரிம் பாட்டின் தொடுப்பு விட்டுப்போனால் பயஸ் உச்சத்துக்குப் பாய்ந்து வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைப் பொசுக்கிவிடும். ஆகவே திறந்த வகைப் பழைய ட்ரிம் பாட் இருந்தால், அது நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன்; வயதை மட்டும் காரணமாக ஏற்று நான் மாற்றும் பாகம் இது ஒன்றே.

டியூனர் பகுதியில் காயில்களின் மையத்திருகுகளைத் தொடவே இல்லை. தகுந்த கருவி இல்லாமல் அவற்றைத் திருப்புவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான். ஆனால் பின்பக்கத்தில் ஒலிபரப்பில் உயர்த்தி அனுப்பும் கீச்சொலிகளைத் திரும்பத் தணிக்கும் டி-எம்ஃபசிஸ் என்ற சிறு சுவிட்சு 75 மைக்ரோநொடியில் இருந்தது. அது அமெரிக்க ஒலிபரப்புக்கு உரியது, இந்தியாவில் 50. சென்னையில் வானொலி பண்பலை ஒலிபரப்பைத் தொடங்கியது 1977இல். இந்த ரிசீவரும் ஏறக்குறைய அதன் வயதுதான். சுவிட்சு தவறான பக்கத்தில் இருந்ததால் வீணையின் மீட்டொலியும் தாளத்தின் கிணுகிணுப்பும் இத்தனை காலமும் சற்றே மந்தமாகக் கேட்டிருக்கின்றன. அதைத் தள்ளிவிட ஒரு விரல் போதுமானதாக இருந்தது. டயல் விளக்குகளில் இரண்டு அணைந்து கிடக்கின்றன. எட்டு வோல்ட் பல்புகள் கிடைத்ததும் அதே வகையைப் போடலாம் என்று இருக்கிறேன், எல்இடியின் நீல வெளிச்சம் அந்த முகப்புக்குப் பொருந்துவதில்லை.