கட்டைக்குக் கீழே இருந்த வெள்ளை

“தம்பி, உம்மட வீட்டுச் சுவரில சன்னம் பட்ட ஓட்டையளைப் பூசாமலோ வைச்சிருக்கிறீர்?”

மாஸ்டர் இதைக் கோபத்தோடு கேட்கவில்லை. என் பட்டறை வாங்கில் இருந்து பிளேன்ரீயை ஊதிக்கொண்டு, மழை வருமோ என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் சொன்ன பதில், “அது வீடு மாஸ்டர். இது வேற.” அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம், “சரி, நீர் தொழில் தெரிஞ்ச ஆள்” என்று கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். ஏழெட்டு மாதமாகிவிட்டது. எது வேற, எப்படி வேற என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் தெரியவில்லை.

சாமான் ஒரு ட்ரம் செட். பிரீமியர், இங்கிலாந்தில் லெஸ்டரில் செய்தது, அறுபதுகளினது. மாஸ்டர் அதை எழுபதுகளின் கடைசியில் கொழும்பில் ஒரு பைலாப் பாட்டுக் குழுக்காரரிடம் பழசாக வாங்கினார். 1977 வரைக்கும் வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் நாட்டுக்குள் வராது. அதனால் அப்படியொரு செட் கைக்குக் கிடைத்ததே ஊரில் பெரிய கதையாம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர், திருவிழா இரவுகளில் மெல்லிசைக் குழுவோடு மேடையில் ஏறிவிடுவார். 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில் அதற்கு இடமில்லை. அரிசி மூட்டையா ட்ரம்மா என்றால் எவரும் அரிசியைத்தான் ஏற்றுவார்கள். மெனிக் பாம் அகதி முகாமில் இருந்துவிட்டு 2010இல் திரும்பி வந்தால் சிம்பல் இல்லை, ஸ்நேர் இல்லை, தாங்கிகள் ஒன்றும் இல்லை. பித்தளையும் இரும்பும் கிலோக் கணக்கில் எங்கேயோ போயிருக்கும். கூரை தப்பியிருந்த ஒரே அறையில் பேஸ் ட்ரம்மும், டொம் என்கிற நடுத்தர ட்ரம் இரண்டும் மட்டும் கிடந்தன. பெரிய டொம்மின் பக்கத்தில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

இங்கே ஒரு சொல் என்னைச் சிக்கலில் மாட்டியது. ட்ரம்மின் மர உடம்பை, அந்தத் தொழில் தெரிந்தவர்கள் ‘ஷெல்’ என்கிறார்கள். கனடாவிலிருந்து மாஸ்டரின் மகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் குரல் பதிவே, “அண்ணை, ஷெல் எப்பிடி இருக்கு? ஷெல்லுக்கு ஒன்றும் செய்யாதேங்கோ” என்றுதான் தொடங்கியது. வன்னியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு கருத்துத்தான், எறிகணை. நான் ஒரு கணம் விளங்காமல் நின்றேன். ஷெல் துண்டு பட்டு ஷெல்லில் விழுந்த ஓட்டை. இதை நான் வேறு மொழிக்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துவேன் என்று யோசித்துச் சிரிப்பும் வந்தது.

நான் அடிப்படையில் பொலிஷ்காரன். அலுமாரி, கதவு, கதிரை. இசைக்கருவி என்றால் ஒரு தேவாலயத்து ஆர்மோனியத்துக்கு வாணிஷ் அடித்ததோடு சரி. ஆனாலும் மரமும் பசையும் எனக்குத் தெரியும், அதை நம்பித்தான் பொறுப்பெடுத்தேன்.

மாஸ்டருக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. “வெள்ளையா வேணும். வாங்கின நேரம் எப்பிடி இருந்ததோ அப்பிடி.” ட்ரம்மைச் சுற்றி ஒட்டியிருந்த முத்துப்போன்ற தாள் அப்போது தேன் நிறத்துக்குப் போயிருந்தது. சில இடத்தில் தேயிலைச் சாயம். மகனுக்குத் தேவைப்பட்டதும் ஒன்றே ஒன்று. “ஒறிஜினல் அண்ணை. அந்த மஞ்சள் வர அறுபது வருசம் எடுத்திருக்கு. உரிச்சுப் புதுசு ஒட்டினால் பிறகு வின்டேஜ் எண்டு ஒருத்தரும் பார்க்கமாட்டினம், பாதி விலையும் வராது. ஓட்டையையும் அடைக்காதேங்கோ. அதுதானே இதின்ர கதை.” காசு அனுப்பியது மகன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மகன் சொன்னது பிழையில்லை. பழைய இசைக்கருவி சேர்ப்பவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். எனக்கும் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உரித்ததைத் திரும்ப ஒட்ட ஏலாது, உரிக்காமல் விட்டதை எப்போதும் உரிக்கலாம். சந்தேகமென்றால் கையை எடு. என் மாமா, எனக்குத் தொழில் பழக்கியவர், பழைய தேக்கு அலுமாரிக்குச் சான்ட் பேப்பர் பிடிக்க என்னை ஒரு வருடம் விடவேயில்லை.

ஆனால் ‘எப்போதும்’ என்கிறேனே, மாஸ்டருக்கு எழுபத்தாறு வயது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். கழற்றிப் பார்ப்பதற்காக அவரையும் பட்டறைக்கு வரச் சொல்லியிருந்தேன். சின்ன டொம்மை மேசையில் வைத்துத் தோலைக் கழற்றினேன். உள்ளே குளவி கட்டிய மண்கூடு இரண்டு. பிறகு, தோலை இறுக்கும் கம்பிகள் வந்து பூட்டுகிற உலோகக் கட்டைகளில் ஒன்றை உள்பக்கத்து ஸ்குரூவைத் திருப்பி எடுத்தேன். கட்டை விலகிய இடத்தில், அதே வடிவத்தில், பால் வெள்ளை. நடுவில் நீலமும் ரோஸும் ஓடும் முத்து மினுக்கம். அறுபது வருடம் வெயில் காணாத இடம். சுற்றிவரத் தேன் நிறம், நடுவில் அது மட்டும் நேற்றுச் செய்ததுபோல.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சுட்டுவிரலை அந்த வெள்ளையில் வைத்தார். “இதுதான் தம்பி. இதுதான் இதின்ர நிறம்.”

அந்த நேரம் பார்த்து எனக்கு மகனின் ‘ஒறிஜினல்’ ஞாபகம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் ஒறிஜினல் அந்த விரலுக்குக் கீழே இருந்ததுதான். மஞ்சள், அதற்குப் பிறகு நடந்தவை. மகன் காக்கச் சொன்னது நடந்தவற்றை, அப்பா கேட்டது நடக்காமல் இருந்ததை. இது அப்போதே எனக்கு இவ்வளவு தெளிவாகப் பட்டதா, பிறகு படுக்கையில் கிடந்து யோசித்துச் சேர்த்ததா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

நான் செய்தது வேறு. ஓரத்தில் கொஞ்சம் சான்ட் பேப்பரால் தேய்த்து, “மணந்து பாருங்கோ” என்று நீட்டினேன். கற்பூர வாசம். “செலுலொய்ட், மாஸ்டர். கற்பூரம் கலந்து செய்யிறது. அந்தக் காலத்துப் பிங்பொங் பந்து இதிலதான் செய்தவை. நெருப்புப் பட்டால் எப்பிடி எரியும் எண்டு உங்களுக்குத் தெரியும்.” அவர் சிரித்தார், அவர் காலத்துப் பிள்ளைகளும் உடைந்த பந்தைக் கொளுத்தி விளையாடியவர்கள்தான். “இதை உரிக்கிறதெண்டால் சூடு காட்டவேணும். பத்தினால் ட்ரம்மும் போகும், பட்டறையும் போகும். பசையோட சேர்ந்து பலகையும் இதழ் இதழாக் கிளம்பலாம். அதாலதான் இருக்கிறபடி விடுவம் எண்டு சொல்லுறன். ஓட்டையும் அப்பிடியே இருக்கட்டும், அது ஒரு அடையாளம்.”

அப்போதுதான் சுவரைப் பற்றிக் கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. செலுலொய்ட் எரியும், பலகை கிளம்பும், எல்லாம் உண்மை. ஆனால் முற்றத்தில் வைத்து, ஹீட் கன்னைத் தொலைவில் பிடித்து, பக்கத்தில் வாளி தண்ணீரோடு, நுனியிலிருந்து விரற்கடை விரற்கடையாகத் தூக்கினால் உரிக்கலாம். ஒட்டுப்பலகைகள் எத்தனையோ அப்படி உரித்திருக்கிறேன். நாலு நாள் வேலை. அதை நான் சொல்லவில்லை. மகனின் விருப்பத்துக்குத் தோதான உண்மைகளை மட்டும் பொறுக்கி எடுத்து அப்பாவுக்குக் கொடுத்தேன். காசுக்காகவா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். உரித்து ஒட்டியிருந்தால் கூலி கூட வந்திருக்கும். எனக்கே அந்தத் தேன் நிறம் பிடித்துப்போயிருந்தது. அதுதான் உண்மையான காரணம் என்றால் அது இன்னும் மோசம். யாருடைய ட்ரம்?

என் வீட்டுச் சுவர் விஷயம் இது. 2011இல் கையில் முதல் காசு வந்ததும் நான் செய்த முதல் வேலை முன் சுவர் பூசியதுதான். யன்னலுக்குப் பக்கத்தில் ஏழு ஓட்டை. சீமெந்து வைத்து, பட்டி இழுத்து, தேய்த்து, இளநீலம் அடித்தேன். பிள்ளைகள் அதைப் பார்த்து வளரக்கூடாது என்று மனைவி சொன்னாள். எனக்கும் அதே எண்ணம். இப்போது பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளங்கையால் தடவினால் ஒன்று மட்டும் சாடையாக மேடு தட்டும், பட்டி காயமுதல் அவசரப்பட்டுத் தேய்த்தது.

கிளிநொச்சியில் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் போர் முடிந்த பிறகும் விழுந்தபடியே விட்டு, பார்க்கிற இடமாக வைத்திருந்தார்கள். ஏ9 வீதியில் பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி முன்னால் நின்று படம் எடுத்தார்கள். எங்கள் ஊர்ச் சனம் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்ததை நான் பார்த்ததில்லை. அதைக் கடக்கும்போதெல்லாம், இதை ஏன் இப்படியே வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டவன் நான். அப்படிப்பட்ட நான்தான் மாஸ்டரிடம் ஓட்டை ஒரு அடையாளம் என்றேன்.

அதற்காக, உரித்திருக்க வேண்டும் என்றும் சொல்ல வரவில்லை. இப்போது கிடைக்கிற வெள்ளைத் தாள் பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக், அந்த மினுக்கம் வராது. ஒட்டி முடித்த பிறகு “இதில்லைத் தம்பி” என்று மாஸ்டர் சொல்லியிருந்தால் அதற்குப் பரிகாரமே இல்லை. இப்படியும் இரவில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அரைவாசி நம்புவேன்.

வேலையைக் குறைவில்லாமல் செய்தேன். குரோமில் ஏறியிருந்த துருவை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுத்தேன். மர விளிம்புகளைச் சமப்படுத்தினேன். ஓட்டையின் சிலாம்புகள் மேலும் ஓடாமல் மெல்லிய பசை விட்டு இறுக்கினேன். அதிகம் அலைக்கழித்தது தோல்தான். அறுபதுகளின் கடைசி வரைக்கும் பிரீமியர் செய்த டொம்கள் இன்றைய அளவைவிட ஒரு சொட்டுப் பெரிது, கொழும்பில் வாங்கியது ஒன்றும் இறங்கவில்லை. மகன்தான் இங்கிலாந்தில் தேடி எடுத்து அனுப்பினார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்பா அடித்ததை ஒரு நாளும் கேட்காத பிள்ளை, அப்பாவின் ட்ரம்முக்குத் தோல் தேடி அலைந்தது.

கொண்டுபோய்க் கொடுத்த அன்று மகன் வீடியோவில் நின்றார். ஓட்டையைக் கிட்டக் காட்டச் சொன்னார், காட்டினேன். “சூப்பர் அண்ணை, சூப்பர்” என்றார். குரல் தழுதழுத்தது. மாஸ்டர் பெரிய டொம்மில் கையால் இரண்டு மூன்று தட்டுத் தட்டினார். ஓசை நன்றாகத்தான் இருந்தது. ட்ரம்முக்குக் காற்றுப் போக ஏற்கெனவே ஒரு துளை உண்டு, இன்னொன்று கூடியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. வீடியோ முடிந்ததும் ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்து மூடப்போனார். பிறகு நிறுத்தினார். மகளின் பிள்ளை, ஆறு வயதிருக்கும், பக்கத்தில் நின்றது.

“தம்பி, அந்தச் சின்னனில ஒரு கட்டையைக் கழட்டிக் காட்டினீர் எல்லோ. ஒருக்காக் கழட்டும், இவள் பார்க்கட்டும்.”

“தோல் இறுக்கியாச்சு மாஸ்டர். உள்ளுக்கிருந்துதான் ஸ்குரூ. பிறகு ஒரு நாளைக்கு வந்து கழட்டுறன்.”

அதுவும் உண்மைதான். உள்ளேயிருந்துதான் ஸ்குரூ, தோலை எடுக்காமல் தொட ஏலாது. பத்து நிமிட வேலை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இன்னும் போகவில்லை.