யூஎஸ்பி கேபிளுக்குள் ஒரு வலைச் சேவையகம்

ராஸ்பெர்ரி பை பைக்கோ என்னும் சிறிய நிரலேற்றப் பலகையின் முதல் பதிப்பில் வைஃபை கிடையாது. ஆயினும் யூஎஸ்பி வழியே அது தன்னை ஒரு நெட்வொர்க் கார்டாகக் கணினிக்குக் காட்டிக்கொள்ளும். யூஎஸ்பி தொடர்பைக் கையாளும் டைனியூஎஸ்பி நிரல் நூலகத்தின் மாதிரி நிரலை ஏற்றிக் கேபிளைச் செருகியதும், பலகையிலேயே இயங்கும், நெட்வொர்க் முகவரிகளைத் தரும் டிஎச்சிபி சேவை என் மடிக்கணினிக்கு 192.168.7.2 என்ற முகவரியை வழங்க, உலாவியில் பலகையின் முகவரியான 192.168.7.1 என்று தட்டியவுடன் பக்கம் திறந்தது. மனம் நிறைந்துபோயிற்று.

264 கேபி ரேமுக்குள் இது அடங்குவதற்குக் காரணம், ஆடம் டங்கெல்ஸ் சுவீடனில் எழுதத் தொடங்கிய எல்டபிள்யூஐபி என்னும் சிக்கனமான நெட்வொர்க் நிரல்தொகுப்பு. எச்டிஎம்எல் பக்கம் சி மொழியின் பைட் வரிசையாக மாறி ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தவும் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி பலகையை மீண்டும் செருகி நிரலை ஏற்ற வேண்டியிருக்கிறது.

வெப்பநிலையைப் படிப்பதற்காக நிரல் திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைச் சுழலில் ஒரு விநாடி காத்திருப்பை நான் சேர்த்தபோது, நெட்வொர்க் வேலையும் அதே சுழலில் நடப்பதால் பக்கம் திணறியது. காத்திருப்பை நீக்கி, கடந்த நேரத்தைக் கணக்கிடும் முறைக்கு மாற்றிய பிறகே சீரானது.