இறக்காத ஸ்டூல்கள்

காலை பத்து மணிக்குத் தேர்வு முடிவு வெளியாகும் என்று தெரிந்திருந்தும், காரைக்குடி செக்காலைச் சாலையில் உள்ள ஜெராக்ஸ் கடை அண்ணன் இன்று பிளாஸ்டிக் ஸ்டூல்களை அடுக்கிலிருந்து இறக்கவே இல்லை.

சென்ற பருவத்தில் அதே ஸ்டூல்களில் பிள்ளைகள் மாலை வரை அமர்ந்து, திரையில் சுழன்றுகொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று என் தங்கை மகள் பதிவெண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது.

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பணிபுரியும் நண்பர் காரணத்தைச் சொன்னார். முன்பு இணையதளமும், மதிப்பெண்களைச் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளமும் ஒரே சர்வரில், அதாவது கேட்பவர்களுக்குத் தகவல் அனுப்பும் ஒரே கணினியில், இருந்ததால், எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தபோது இரண்டும் சேர்ந்து முடங்கின. இப்போது தரவுத்தளத்தைத் தனியாகப் பிரித்து, முன்னால் இரண்டு வெப் சர்வர்களை வைத்து, வருகிறவர்களை அவற்றுக்குப் பகிர்ந்தனுப்ப ஒரு லோட் பேலன்சரையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

(நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும்; கல்யாணக் கூட்டம் திணறாததற்கு அதுவும் ஒரு காரணம்.)

பெரிய சர்வராக ஒன்றை வாங்கினால் போதாதா என்று கேட்டேன். அதுவும் ஒருநாள் நின்றுபோகும் என்றார், சரிதான்.

அந்த இரண்டு வெப் சர்வர்களும் ஒரே யுபிஎஸ்ஸில்தானே ஓடுகின்றன, அது நின்றால் இரண்டும் நின்றுவிடுமே என்று கேட்டபோது மட்டும் சிரித்துவிட்டு, அடுத்த ஆண்டு நிதி வரட்டும் என்றார்.