குந்தத் தெரியாத பொம்மை

படம் வரையறவங்களுக்குன்னு கை கால மடக்கி வெக்கிற மரபொம்மை ஒன்னு விக்குமே, மூஞ்சி மூக்கு ஒன்னும் இருக்காது, அத வாங்கி டேபிள் மேல நிக்க வெச்சேன். எங்க வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்ல குதிரை மேல ஒரு வீரன் இருப்பான் பாருங்க, அந்த மாதிரி போஸ்லாம் அசால்ட்டா குடுக்குது. ஆனா நான் வரைய நெனச்சது லாங் பஜார்ல இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா விக்கிற அம்மாவ (2023ல புவிசார் குறியீடு கெடச்சதுல இருந்து அவங்க கிட்ட பேரம் பேசவே முடியல, அது வேற கதை). அவங்க குத்துக்கால் போட்டு குந்திக்கினு ஒரு கைல தராசு, இன்னொரு கைல சில்லறைனு இருப்பாங்க. பொம்மைக்கு முட்டி பாதிக்கு மேல மடங்கல, உள்ள இருக்கிற ஸ்பிரிங் இழுக்குது, நான் அழுத்த அழுத்த டப்புனு எழுந்து நிக்குது.

எங்க ஆயா பாத்துட்டு, "இன்னாடா, இந்த வயசுலயே அதுக்கு முட்டி தேஞ்சிட்ச்சா? என் தைலத்த வேணா தடவி உடு"ன்னுது.

அப்புறம் பெரியப்பா பையன் அவன்கிட்ட இருந்த ஜப்பான் பொம்மைய குடுத்தான், பாண்டாய் கம்பெனி பாடி-குன், 15 சென்டிமீட்டர் இருக்கும், பிளாஸ்டிக். இதுல தோள்பட்டை கூட அசையும், விரல் மடக்கின கை, விரிச்ச கைனு கழட்டி கழட்டி மாட்டலாம். குந்தவும் வெச்சேன், ஆனா குதிகால் தரையில படாம மல்லாக்க சாயுது. அந்த கலாட்டால ஒரு கை காணாம போச்சு. சாயங்காலம் மொறத்துல துவரம்பருப்பு பொடச்சிக்கினு இருந்த ஆயா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. "கல்லு கெடக்கும், வண்டு கெடக்கும், கை எதுக்குடா போட்டு விக்கிறான்?" கடைக்காரன கேக்க செருப்ப மாட்டிக்கினு கெளம்பிட்டாங்க, புடிச்சி நிறுத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

கடைசில மொறத்தோட குந்தியிருந்த ஆயாவ பாத்துதான் வரைஞ்சேன். தொடையும் ஆடுசதையும் ஒன்னோட ஒன்னு அழுந்தறது, ரெண்டு முட்டிக்கு நடுவுல பொடவ தொங்கறது, இதெல்லாம் எந்த பொம்மையும் காட்டாது. என்ன, சீரியல்ல யாராச்சும் அழுதா மட்டும் ஆயா டிவி பக்கம் திரும்பிக்கும்.

முடிச்சி காட்டினேன். கண்ணாடிய போட்டுக்கினு ரொம்ப நேரம் பாத்துட்டு, "மூஞ்சிலாம் சரிதான், காம்புல முள்ளு எங்கடா? இத இலவம்பாடி காய்னு சொன்னா எவன் வாங்குவான்?"