ஒரே பயறை இரண்டு தடவை எண்ணினேன்: உணவுக் கணக்கெடுப்புத் தரவில் ப்ராக்டிகல் எழுதப் போகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை மாலை முடிவு வந்தது. பாஸ். இது எனக்கு இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது என்பது குவாலிஃபையிங் (தகுதித் தேர்வு) எழுதும் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன வருடம் நான் எங்கே விழுந்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வினாத்தாள் அமைப்பைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. தரவு என்ஹேன்ஸ்தான் (அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு), 24 மணி நேர நினைவுகூரல்தான் (முந்தைய நாள் முழுக்கச் சாப்பிட்டதை ஒருவர் நினைவிலிருந்து சொல்வது), அதைக் காய்கறி, பால், தானியம் போன்ற உணவு வகை அளவுகளாக மாற்றச் சொல்வார்கள். இரண்டு தடவையும் அதுவேதான் வந்தது.

போன வருடம் என் புரோகிராம் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. அட்டவணைகள் அழகாக இருந்தன. காய்கறிக் கணக்கில் பயறைக் கூட்டியிருந்தேன், புரத உணவுக் கணக்கிலும் கூட்டியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார்: "இந்த ஆள் அரைக் கப் பின்டோ பீன்ஸ் சாப்பிட்டிருக்கிறார். அது எங்கே இருக்கிறது?" இரண்டிலும் இருக்கிறது என்றேன். "அப்படியானால் அவர் அதை இரண்டு தடவை சாப்பிட்டாரா?" என்னிடம் பதில் இல்லை. அதற்கு மேல் என்ன கேட்டார்கள் என்பதே நினைவில்லை.

மாற்றும் வேலைக்கு உதவுவது எஃப்பெட்: ஒவ்வொரு உணவிலும் எந்த வகை எவ்வளவு என்று காட்டும் அமெரிக்க வேளாண் துறையின் தரவுத்தளம். அதில் 37 கூறுகள் இருக்கின்றன. அவற்றில் பயறுக்கு மட்டும் இரண்டு நிரல்கள் (அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் வரிசைகள்): ஒன்று காய்கறியாக, கப் கணக்கில், இன்னொன்று புரதமாக, அவுன்ஸ் கணக்கில். இரண்டும் ஒரே உணவு. கால் கப் வெந்த பயறு ஒரு அவுன்ஸ் புரத உணவுக்குச் சமம் என்பதால், அந்த அரைக் கப் பீன்ஸ் ஒரு நிரலில் 0.5 என்றும் மற்றதில் 2 என்றும் நிற்கும். மொத்தக் காய்கறி என்ற நிரலிலும் பயறு சேராது, மொத்தப் புரத உணவு என்ற நிரலிலும் சேராது. எங்கே சேர்ப்பது என்ற முடிவை நம்மிடம் விட்டுவிட்டார்கள். நான் முடிவே எடுக்காமல் இரண்டிலும் கூட்டிவிட்டேன்.

இரண்டிலும் சேர்ப்பது எப்போதும் தவறு என்றும் சொல்ல முடியாது. உணவுப் பழக்கத்தின் தரத்துக்கு மதிப்பெண் போடும் ஹெல்தி ஈட்டிங் இண்டெக்ஸின் 2010 பதிப்பில், புரதத்துக்கான தேவை நிரம்பும் வரை பயறு அங்கே போகும், மீதிதான் காய்கறிக்கு. 2015 பதிப்பிலிருந்து இரண்டு பக்கமும் எண்ணுகிறார்கள். அது மதிப்பெண் போடுவதற்கான விதி. மக்கள் எத்தனை கப் சாப்பிட்டார்கள் என்று கேட்டால், பயறு ஏதாவது ஒரு பக்கம்தான் நிற்க வேண்டும். எந்தப் பக்கம், ஏன் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். இந்த வருடம் நான் எழுதிய முதல் வாக்கியமே அதுதான்.

சரி, இனி தேர்வில் என்னைக் காப்பாற்றிய பழக்கத்தைச் சொல்கிறேன். எட்டு மணி நேரத்தில் முதல் நாற்பது நிமிடம், கணக்கெடுப்புத் தரவையும் எஃப்பெட்டையும் கணினியில் இணைக்கும் வேலை எதையும் தொடவில்லை. தரவிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுத்தேன். அவர் அன்றைக்குச் சாப்பிட்டது 14 வரிகள். ஒவ்வொன்றையும் பேப்பரில் பென்சிலால் போட்டேன். எஃப்பெட் எண்கள் எல்லாம் 100 கிராம் உணவுக்கானவை. பாலுக்கு 0.41 கப்; அவர் குடித்தது 244 கிராம்; 2.44 ஆல் பெருக்கினால் 1 கப். இப்படி 14 வரியும் போட்டு, ஆளுக்கு ஒரு கூட்டுத்தொகை வந்த பிறகுதான் புரோகிராம் எழுதினேன். புரோகிராம் தந்த விடை என் பேப்பரோடு பொருந்தும் வரை அடுத்த ஆளுக்குப் போகவில்லை. வேகமாகப் புரோகிராம் எழுதுகிற நண்பர்களுக்கு இது நேர விரயமாகத் தெரியலாம். நான் மெதுவான ஆள், கையால் தொட்டால்தான் எனக்குப் புரியும். ஆனாலும் எல்லோருக்கும் இதையே சொல்வேன். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பயறு, ஒரு கலவை உணவு, பால் மூன்றும் சாப்பிட்டவராகப் பாருங்கள்.

கலவை உணவு ஏன் என்றால், அங்கேதான் மாற்றும் வேலையின் உயிரே இருக்கிறது. தரவில் ஒவ்வொரு உணவுக்கும் இருக்கும் எட்டு இலக்கக் குறியீட்டின் முதல் எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1 என்றால் பால், 2 இறைச்சி, 5 தானியம், 6 பழம், 7 காய்கறி. ஆனால் பீட்சா 58இல் தொடங்குகிறது. முதல் எண்ணை நம்பினால் அதன் மேலிருக்கும் சீஸும் தக்காளியும் தானியமாகிவிடும். சீஸ்பர்கர் 27இல் வருகிறது. அதன் ரொட்டி இறைச்சியாகிவிடும். எஃப்பெட் ஒரு பீன்ஸ் புரிட்டோவை உடைத்து, மாவைத் தானியத்துக்கும், சீஸைப் பாலுக்கும், தக்காளியைக் காய்கறிக்கும், கொழுப்பை அதன் இடத்துக்கும் அனுப்புகிறது. அமெரிக்கர்கள் காய்கறியையும் பாலையும் எந்த வழியாகச் சாப்பிடுகிறார்கள் என்பது இப்படி உடைத்தால்தான் தெரியும். எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே இதைப் பார்த்த அன்றுதான்.

நம் ஊர் ஆட்களுக்கு ஒன்று: தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் எஃப்பெட்டில் எண்ணெய் நிரலில் இல்லை, திடக் கொழுப்பு நிரலில் இருக்கின்றன. பெயரைப் பார்த்து எண்ணெயில் தேடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- கால்சியம் சேர்த்த சோயா பால், பால் வகையில் எண்ணப்படும். டோஃபு புரதத்தில்.
- வேகவைக்காத கீரை ஒரு கப் என்றால் கணக்கில் அரைக் கப். உலர் பழம் அரைக் கப் என்றால் ஒரு கப்.
- சேர்க்கப்பட்ட சர்க்கரை டீஸ்பூனில் இருக்கும், ஒன்றுக்கு 4.2 கிராம். கொழுப்பும் எண்ணெயும் கிராமில். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அலகு போடாமல் வைக்காதீர்கள்.
- எந்தக் கணக்கெடுப்புச் சுற்றின் தரவோ அந்தச் சுற்றின் எஃப்பெட். வேறு பதிப்பை இணைத்தால் சில குறியீடுகள் பொருந்தாமல் சத்தமில்லாமல் விழுந்துவிடும். இணைத்த பின் வரி எண்ணிக்கையைப் பாருங்கள்.
- 2003-04 சுற்றுக்கு, எஃப்பெட்டுக்கு முந்தைய மைபிரமிட் தரவுத்தளம். எஃப்பெட் 2005-06இலிருந்துதான்.
- கரும்பச்சைக் காய்கறி சாப்பிடாதவருக்குப் பூஜ்யம் போட வேண்டும். அவரை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் ஊரே கீரை தின்றது போல் விடை வரும்.
- நம்பகமான நினைவுகூரல்களை மட்டும் எடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளை ஒதுக்குங்கள். தாய்ப்பாலின் அளவு பதிவாகவில்லை.

எடை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது உடல் எடை இல்லை; கணக்கெடுப்பில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண். மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்கான எடையைப் போட்டாலும் விடை வரும், ஆனால் உணவு நேர்காணல்களில் வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான நாட்கள் கூடுதலாக இருக்கின்றன. முதல் நாள் உணவு நேர்காணலுக்கான எடை அதைச் சரிசெய்கிறது. இரண்டு சுற்றுகளைச் சேர்த்தால் எடையை இரண்டால் வகுக்க வேண்டும். பெரியவர்கள் மட்டும் வேண்டும் என்றால் மற்றவர்களின் வரிகளை அழித்துவிடாதீர்கள், உட்குழுவாகக் குறியுங்கள். இல்லையென்றால் திட்டப்பிழை கெட்டுவிடும்.

வாய்மொழியில் கண்டிப்பாக வருவது: ஒரு நாள் தரவை வைத்து எத்தனை சதவீதம் பேர் பரிந்துரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. சராசரிக்கு ஒரு நாள் போதும். ஒருவர் நேற்று கீரை சாப்பிடவில்லை என்றால் எப்போதும் சாப்பிடாதவர் என்று அர்த்தமில்லை; ஒரு நாள் பரவல் உண்மையைவிட அகலமாக இருக்கும். வழக்கமான உட்கொள்ளல் வேண்டுமென்றால் இரண்டாம் நாள் தொலைபேசி நேர்காணலும் சேர வேண்டும், அதைக் கணிக்க அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உருவாக்கிய என்சிஐ முறையும் தெரிய வேண்டும். அப்புறம், ஹெல்தி ஈட்டிங் இண்டெக்ஸை ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு அதன் சராசரியை எடுப்பதும், எல்லோருடைய உட்கொள்ளலையும் கூட்டி வரும் மொத்தங்களின் விகிதத்திலிருந்து கணக்கிடுவதும் ஒரே விடை தராது. மக்கள்தொகைக்கு இரண்டாவதுதான் சரி.

இந்தத் தடவையும் அதே தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, பயறு எங்கே என்றார். புரதத்தில், அவுன்ஸ் கணக்கில், காய்கறியில் இல்லை என்றேன். பென்சில் கணக்குப் போட்ட பேப்பரையும் நீட்டினேன். அதில் பீன்ஸ் வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.